தடங்கலுக்கு வருந்துகிறோம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கடுத்த இருபது ஆண்டுகளில், எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை முதல் மூக்குக்கண்ணாடி போட்ட பாட்டி வரை எல்லோரும் மனப்பாடமாக அறிந்திருந்த ஒரு வாசகம் உண்டு. "தடங்கலுக்கு வருந்துகிறோம்." வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நடந்துகொண்டிருக்கும்போது பாட்டின் நடுவில் இந்த அட்டை வந்து நிற்கும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்பட அத்தனை பேரும் ஒருமிக்கப் பெருமூச்சு விடுவோம்.

இன்று தடங்கல் வந்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, அவ்வளவுதான். வருந்துவதற்கு யாரும் இல்லை. எங்கே தவறு என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். என் வயதுக்காரர்கள் பலர் தொலைபேசியில் பேசும்போது, "படம் நின்னு நின்னு போவுது, என்ன செய்யறதுன்னு தெரியல" என்கிறார்கள். அவர்களுக்காக இந்தத் தடங்கலின் வரலாற்றை எழுதுகிறேன். ஒவ்வொரு காலத்திலும் படம் எதனால் அறுந்தது, அதை எப்படி மறைத்தார்கள் என்பது தெரிந்தால், இன்றைய கோளாறைத் தேடுவது எளிது. பரணில் கிடக்கும் பழைய கல்யாண கேசட்டுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மொட்டை மாடிக் காலம்

தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. பூமி வளைந்திருப்பதால், கோபுரத்திலிருந்து தூரம் போகப் போக அலை நம் தலைக்கு மேலே போய்விடும். புதுச்சேரி சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். அதனால் எங்கள் ஊரில் டி.வி. வாங்கியவர் முதலில் வாங்கியது உயரமான இரும்புக் குழாயும் பூஸ்டரும்தான். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, கீழே ஒருவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும், ஐயோ போயிடுச்சு" என்று கத்த, நடுவில் மாடிப்படியில் ஒரு பையன் நின்று செய்தியைக் கடத்துவான்.

இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. ஜப்பானின் உதவியோடு அமைந்த நிலையம் அது. அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை உச்சியிலிருந்து அதன் அலை வந்ததால், நம் தென்கடற்கரையில் பல ஊர்களுக்குச் சென்னையைவிடக் கொழும்பு நெருக்கமாகிவிட்டது. கோடைக்கால மாலைகளில் கடல் தாண்டி வரும் படம் திடீரென்று பளிங்குபோல் தெளிவாகும். கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்று, அதன்மேல் சூடான வறண்ட காற்று என்று அடுக்கு அமையும்போது, அலை மேலே தப்பிப் போகாமல் கீழ்நோக்கி வளைந்து கடற்பரப்பை ஒட்டியே வரும். அதுதான் காரணம். அந்த அடுக்கு கலைந்தால் படமும் கலையும்.

அன்றைய கோளாறுகள் இரண்டு வகை. அலை பலவீனமானால் திரை முழுக்கப் புள்ளி விழும். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'நேஜ்', அதாவது பனி என்பார்கள். பனி பெய்து பார்த்திராத நாம் 'புள்ளி புள்ளியா வருது' என்றோம். இரண்டாவது, நிழல். ஒருவருக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொருவர் நிற்பார். நேராக வந்த அலையோடு, கட்டடத்திலோ நீர்த்தொட்டியிலோ பட்டுத் திரும்பிய அலையும் சேர்ந்து வருவதால் அது. ஒரு கிலோமீட்டர் சுற்றி வந்த அலை, 20 அங்குலத் திரையில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி நிழலைப் போடும். ஆகவே நிழல் விழுந்த தூரத்தை அளந்தே, எவ்வளவு சுற்றி வந்த அலை என்று கணக்குப் போடலாம். கோளாறின் உருவத்தைப் பார்த்து அதன் இடத்தைக் கண்டுபிடிக்கும் இந்த வழி இன்றைக்கும் செல்லும்.

'பால்' முறையும் 'செக்காம்' முறையும்

இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி 1982இல் வந்தது. ஆகஸ்ட் 15 விழாவும் நவம்பரில் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியும் வண்ணத்தில் தெரிந்தன. நம் நாடு எடுத்துக்கொண்டது ஜெர்மானியப் பொறியாளர் வால்ட்டர் புரூக் உருவாக்கிய 'பால்' முறை. பிரான்ஸ் நாட்டின் முறை வேறு. ஆன்ரி தெ பிரான்ஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய 'செக்காம்' முறையில் அங்கே 1967 அக்டோபர் 1 முதல் ஒளிபரப்பினார்கள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தப் பெயர் என்னைக் கவர்ந்தது. 'செகான்சியேல் குலேர் ஆ மெமுவார்' என்பதன் சுருக்கம் அது. மெமுவார் என்றால் நினைவு. ஒரு கோட்டில் ஒரு நிறத் தகவல், அடுத்த கோட்டில் இன்னொன்று என்று மாற்றி மாற்றி அனுப்புவார்கள். வாங்கும் பெட்டி முந்தைய கோட்டை நினைவில் வைத்திருந்து, இரண்டையும் சேர்த்து முழு நிறமாக்கும். திரையில் 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள் என்றால் ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ வினாடி ஆகிறது. அந்த நேரம் மட்டும் நினைவு இருந்தால் போதும். அதற்காகப் பெட்டிக்குள் ஒரு சிறு கண்ணாடித் துண்டு வைத்தார்கள். மின்குறியை நம் காதுக்குக் கேட்காத ஒலியலையாக மாற்றி அந்தக் கண்ணாடிக்குள் அனுப்பினால், அது மறுமுனைக்கு வந்து சேர 64 மைக்ரோ வினாடி ஆகும். நம் 'பால்' பெட்டிகளிலும் அந்தக் கண்ணாடி இருந்தது.

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்கியவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் அங்கே பதிந்த கேசட்டுகளைக் கொண்டுவருவார்கள். இங்கே போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் ஓடும். "நல்ல கலர்ல எடுத்ததாச்சே" என்று கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கேசட்டிலும் குறையில்லை, பெட்டியிலும் குறையில்லை. ஒன்று பேசும் பாஷை மற்றொன்றுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இன்று பென் டிரைவில் போட்ட ஒரு படம் ஒலி மட்டும் வந்து காட்சி வராமல் நின்றால், பெரும்பாலும் இதே கதைதான்.

டெக் வந்த காலம்

வீட்டு வீடியோவில் சோனியின் பீட்டாமேக்ஸ் 1975இல் வந்தது. ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.ஹெச்.எஸ். 1976இல் வந்து கடைசியில் வென்றது. நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான், டெக். சனிக்கிழமை இரவு டெக்கும் டி.வி.யும் மூன்று கேசட்டும் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடியப் பார்த்தது நினைவிருக்கும்.

அந்த எந்திரத்தின் வேலை வியப்பானது. அரை அங்குல நாடா வினாடிக்குச் சுமார் 2.3 சென்டிமீட்டர்தான் நகரும். அதைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டு ஓர் உருளை நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும். உருளையில் பதித்த ஹெட், நாடாவின் மேல் தலைமுடியைவிட மெல்லிய சாய்ந்த கோடுகளாகப் படத்தை எழுதும், படிக்கும். நாடாவில் பூசியிருப்பது இரும்புத் துருவைப் போன்ற ஒரு காந்தத் தூள். அந்தப் பூச்சில் ஒரு துகள் உதிர்ந்தாலும், ஒரு தூசி ஒட்டினாலும், அந்த இடத்தில் படம் இல்லை. திரையில் ஒரு வெள்ளைக் கீற்று மின்னி மறையும். இதற்குத்தான் முதன்முதலில் 'டிராப் அவுட்' என்று பெயர் வைத்தார்கள். இன்று படம் விட்டு விட்டு வருவதையும் அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள்.

இதை மறைக்கவும் அதே 64 மைக்ரோ வினாடி நினைவைத்தான் பயன்படுத்தினார்கள். நாடாவில் ஓர் இடம் விட்டுப்போனால், முந்தைய கோட்டையே இன்னொரு முறை போட்டுவிடும். பக்கத்துக் கோடும் ஏறத்தாழ அதே மாதிரிதான் இருக்கும் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. விட்ட இடம் பெரிதானால் மட்டும் பூசி மெழுக முடியாமல் கீற்று தெரியும். கீற்றுகள் எங்கும் பரவி வந்தால் ஹெட்டில் அழுக்கு. படத்தின் அடியில் ஒரு பட்டை நடுங்கினால் டிராக்கிங் விலகல். ஒரே இடத்தில், எந்த டெக்கில் போட்டாலும் வந்தால் நாடாவிலேயே குறை. டெக் பழுதுபார்ப்பவர்கள் இதைப் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள்.

வட்டுக் காலம்

1993இல் வி.சி.டி. வகுக்கப்பட்டது. ஒரு தட்டில் 74 நிமிடம். நம் படங்கள் இரண்டரை மணி நேரம் ஓடுவதால் இரண்டு, மூன்று தட்டுகள் வேண்டியிருந்தன. 1996இல் டி.வி.டி. வந்தது. இவற்றில் புள்ளியும் கீற்றும் இல்லை. பதிலாகக் கட்டம் கட்டமாகப் படம் உடைந்தது, நாயகியின் முகம் பாதியில் உறைந்தது.

அலுவலகத்தில் பதிவேடு எழுதியவர்களுக்கு இதன் காரணம் உடனே புரியும். முதல் வரியில் பெயர், ஊர், தாலுகா எல்லாம் முழுதாக எழுதுவோம். அடுத்த வரிகளில் மாறியதை மட்டும் எழுதி, மாறாததற்கு 'மேற்படி', 'மேற்படி' என்று போட்டுக்கொண்டே போவோம். டிஜிட்டல் படமும் அப்படித்தான். அவ்வப்போது ஒரு முழுப்படம். நடுவில் வருவதெல்லாம் 'மேற்படி, கை மட்டும் அசைந்தது' என்ற குறிப்பு. முழு வரி எழுதிய இடம் கிழிந்துபோனால், அதன் கீழுள்ள மேற்படிகளுக்குப் பொருளில்லை. அடுத்த முழு வரி வரும்வரை படம் உருக்குலைந்துதான் கிடக்கும்.

இதற்கும் காப்பு வைத்திருந்தார்கள். ரீட், சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் 1960இல் வகுத்த குறியீட்டு முறையால், ஒலித்தட்டில் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் வரை தகவல் அழிந்தாலும் மீதியிலிருந்து கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். கணினித் தகவல் தட்டுகளில் அதன்மேல் இன்னும் ஓர் அடுக்குக் காப்பும் உண்டு. வி.சி.டி.யில் இடம் போதாததால் படத்துக்கு அந்தக் கூடுதல் அடுக்கை விட்டுவிட்டார்கள். கீறல் விழுந்த வி.சி.டி. அடிக்கடி சிக்கியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது. பழைய படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. புள்ளி அதிகமாக அதிகமாக, "எங்கேயோ குறை வருது" என்று முன்கூட்டியே தெரிந்தது. டிஜிட்டல் படம் காப்பு தாங்கும்வரை குறையே இல்லாததுபோல் ஓடும். எல்லை தாண்டியதும் சட்டென்று நின்றுவிடும். அதனால்தான் "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம்.

இருங்காட்டுக்கோட்டையில் இன்று

ஓய்வுக்குப் பின் மகனோடு இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறேன். 1998இல் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கிய இடம். பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் 2007 முதல் சாம்சங் ஆலை டி.வி. தயாரிக்கிறது. ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்து யாராவது தூக்கிவந்தால்தான் பார்க்க முடிந்த பெட்டி, இப்போது நம் வயல்கள் இருந்த இடத்திலேயே உருவாகி வெளியே போகிறது. ஆலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்காக எங்கள் தெருவிலும் வரிசை வரிசையாக வாடகை அறைகள் கட்டியிருக்கிறார்கள்.

வீட்டில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் 'கோடி' என்ற இலவச மென்பொருள். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் எழுதத் தொடங்கி, 2014இல் இந்தப் பெயர் பெற்றது. வேறு அறையில் உள்ள வன்தட்டிலிருந்து வைஃபை வழியாகப் படத்தை எடுத்து டி.வி.யில் காட்டும். புதுச்சேரியில் என் தங்கையின் கல்யாணம் 1986இல் நடந்தது. அந்தக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்து டிஜிட்டலாக்கி, அதில் போட்டுப் பார்த்தோம். படம் நின்று நின்று போயிற்று.

"தாத்தா, நெட்டு ஸ்லோ" என்றான் பேரன். வன்தட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது வெளி இணையத்துக்கு இதில் வேலையில்லை. ஒரு தாளில் தடங்கல் வந்த நிமிடங்களைக் குறிக்கச் சொன்னேன். மூன்று முறை ஓட்டினோம். பெரும்பாலான தடங்கல்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நிமிடத்தில் வந்தன, அதுவும் இரவு ஏழிலிருந்து பத்துக்குள். ஆனால் 14ஆவது நிமிடத்தில் மட்டும் மூன்று முறையும் ஒரே இடத்தில் வந்தது.

இதுதான் சூத்திரம். இடம் மாறி மாறி வந்தால் குறை வழியில் இருக்கிறது. ஒரே இடத்தில் வந்தால் குறை படத்திலேயே இருக்கிறது. ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்தே வந்தால் பெட்டியின் சூட்டையோ மின்சாரத்தையோ பார்க்க வேண்டும். இத்தகைய சிறு பெட்டிகள் பல 5 வோல்ட்டில் ஓடுபவை. சன்னமான ஒயர் உள்ள மலிவு அடாப்டர் போட்டால் வேலை கூடும்போது வோல்டேஜ் இறங்கிவிடும். திரை ஒரு கணம் முழுக் கறுப்பாகி, ஒலியும் போய், தானே திரும்பினால் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், முடிந்தால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

எங்களுடையது வழிக் குறை. சாதாரண வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. ஷிப்ட் முடிந்து இளைஞர்கள் அறைக்குத் திரும்பும் நேரத்தில் எங்கள் வீட்டில் நின்றே இருபதுக்கு மேற்பட்ட வைஃபை பெயர்களைப் பார்க்கலாம். அத்தனையும் மூன்று சந்துகளுக்குள் நெருக்கியடிக்கின்றன. பஃபரிங் என்பது மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி மாதிரி. மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும், தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாயில் தடையில்லாமல் வரும். தொட்டி காலியானால் குழாயில் காற்றுதான். மகன் ரௌட்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு லேன் ஒயர் இழுத்தான். சாதாரண 100 மெகாபிட் ஒயர். டி.வி.டி. தரத்துக்கு அதிகபட்சம் சுமார் 10 மெகாபிட் போதும் என்பதால் அது தாராளம். ஒயர் இழுக்க வசதியில்லாதவர்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம். சுவர் தாண்டும் சக்தி அதற்குக் குறைவு, ஆனால் நெரிசலும் குறைவு.

மறுநாள் இரவு எட்டு மணிக்கு ஓட்டினோம். எங்கும் நிற்கவில்லை, அந்த 14ஆவது நிமிடத்தைத் தவிர.

பரணில் இருப்பவை

அந்த நிமிடத்தில் வருவது நலங்கு. என் அம்மா பாடிக்கொண்டே தங்கைக்கு மஞ்சள் பூசுகிறார். வீடியோ லைட்டின் சூட்டில் முகமெல்லாம் வியர்வை. அங்கேதான் வெள்ளைக் கீற்றுகள் குறுக்கே ஓடி, படம் துள்ளி, இரண்டு வரிப் பாட்டு அறுகிறது. அம்மா பாடிப் பதிவானது அது ஒன்றுதான். கடையில் இருந்தவர் கேசட்டை எடுத்துக் காட்டினார். அந்த இடத்தில் நாடாவின் பூச்சே உதிர்ந்திருந்தது. ஒயரை மாற்றினாலும், அதைவிட நல்ல பெட்டி வாங்கினாலும் அந்த இரண்டு வரி திரும்பாது. முந்தைய கோட்டை எடுத்து ஒட்டலாம். ஆனால் பாடாத பாட்டை எங்கிருந்து எடுப்பது?

மீதி ஐம்பது நிமிடம் கிடைத்தது என்று தேற்றிக்கொண்டோம். இன்னும் ஐந்தாண்டு விட்டிருந்தால் அதிலும் எவ்வளவு மிஞ்சியிருக்குமோ.

அன்பர்களே, 1985க்கும் 2000க்கும் நடுவில் நம் வீடுகளில் நடந்த கல்யாணம், காதுகுத்து, மணிவிழா எல்லாம் இந்தத் துருத்தூளில்தான் இருக்கின்றன. ஓட்டும் எந்திரமோ இனி வராது. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. யுனெஸ்கோவும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் 2019இல் காந்த நாடாக்கள் பற்றி உலகுக்கே எச்சரிக்கை விட்டன. பெரும் காப்பகங்களுக்கே அந்தக் கவலை என்றால் நம் பரணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சில யோசனைகள். கேசட்டை இறக்கியதும் சன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது பூஞ்சை. அதை எந்த டெக்கிலும் போட்டுப் பார்க்காதீர்கள், நாடாவும் போகும், ஹெட்டும் போகும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டை ஓட்டைக் கூரைக்கடியில் உள்ள பரணில் வைக்காமல், வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். டி.வி., ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். டிஜிட்டலாக்கியதும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள பிள்ளையிடம் கொடுங்கள். மாற்றியாயிற்றே என்று கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முழுதும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, ஒரே இடத்தில் தடங்கல் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு நல்ல டெக்கில் அந்த இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் தெளிவாக வர வாய்ப்பு உண்டு.

எங்கள் கேசட்டையும் அப்படி இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறோம். முதல் வரியாவது வருமா என்று தங்கை காரைக்காலிலிருந்து தினமும் கேட்கிறாள்.